குவேசார் எரியுது, கோடு எங்கே?

(பாட்காஸ்ட் பகுதியின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று இடங்களில் விளக்கம் சேர்த்திருக்கிறேன்.)

பேகம்பூரிலிருந்து பேசுகிறேன். பின்னணியில் பாங்குச் சத்தமோ ஆட்டோ ஹாரனோ கேட்டால் பொறுத்துக்கோங்க, இது ஸ்டுடியோ இல்லை.

போன பகுதியைக் கேட்டுவிட்டு நேயர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "குவேசாரை அடையாளம் காட்டுறதே அதோட உமிழ்வுக் கோடுகள்தான்னு சொன்னீங்க. ஆனா கோடே சரியா இல்லாத குவேசாரும் இருக்குன்னு படிச்சேன். அப்ப அதை எப்படிக் குவேசார்னு சொல்றாங்க? கோடு எங்க போச்சு?" அருமையான கேள்வி. இதற்கான பதிலில் பாதி இன்னும் யாரிடமும் இல்லை. இருக்கிற பாதியில் ஒரு பங்கு நம் நாட்டில், நைனிடால் பக்கத்து மலையில் கிடைத்தது. அதனால் இன்றைக்கு முழுக்க இதுதான்.

முதலில் கோடு என்றால் என்ன என்பதைச் சமையலறையில் பார்த்துவிடுவோம். கேஸ் அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தால் நீலத் தீ சட்டென்று மஞ்சளாகும், கவனித்திருப்பீர்கள். உப்பில் இருக்கும் சோடியம் அது. சோடியம் அணுவுக்கு வெளியிலிருந்து ஆற்றல் கிடைத்தால், குறிப்பிட்ட அந்த மஞ்சள் நிறத்தைத்தான் திருப்பித் தரும். பச்சையோ ஊதாவோ கேட்டால் தராது. அந்த வெளிச்சத்தை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தால் மஞ்சளில் மட்டும் ஒரு கோடு பளிச்சென்று நிற்கும். அதுதான் உமிழ்வுக் கோடு. ஹைட்ரஜனுக்கு ஒரு வரிசை, கார்பனுக்கு ஒன்று, மக்னீசியத்துக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கையெழுத்து.

இந்தக் கையெழுத்தைப் படிக்கும் வேலைக்கு நம் மாவட்டத்தில் பெரிய பழைய முகவரி உண்டு. 1899-ல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைத்தான் சொல்கிறேன். ஏரியில் படகு விட்டுவிட்டு நேரே பூங்காவுக்குப் போகிற நம்ம ஆட்களில் எத்தனை பேர் அங்கே எட்டிப் பார்த்திருப்பார்கள் என்று தெரியாது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கிருந்து சூரியனின் கரும்புள்ளி ஒன்றை நிறமாலையில் பிரித்துப் பார்த்தார். கோடுகள் லேசாக இடம் நகர்ந்திருந்தன. அந்த நகர்வை வைத்தே, கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்று கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கோடு இருக்கும் இடம் மாறினால் வேகம் தெரியும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1963-ல் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்ற நட்சத்திரம் போலத் தெரிந்த பொருளில் செய்ததும் இதேதான். அதன் கோடுகள் எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. பிறகுதான் பிடிபட்டது: அவை சாதாரண ஹைட்ரஜன் கோடுகளே, மொத்தமாக 16 சதவீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. அப்படியென்றால் அது நம் பால்வெளியில் இல்லை, சுமார் 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிய வேண்டுமென்றால் அதன் பிரகாசம் ஒரு முழு விண்மீன் மண்டலத்தையே தோற்கடிக்க வேண்டும். நடுவில் ஒரு ராட்சதக் கருந்துளை. அதைச் சுற்றி வட்டாகச் சுழன்றபடியே உள்ளே விழும் வாயு. அந்த வட்டு உராய்ந்து சூடாகி எரிகிறது. அதுதான் அடுப்பு.

வட்டுக்கு வெளியே வாயுத் திரள்கள் நொடிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகின்றன. அவைதான் உப்பு. (ஒரு சின்னத் திருத்தம்: அடுப்பில் சோடியத்தைச் சூடு தூண்டுகிறது, குவேசாரிலோ வட்டிலிருந்து வரும் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் அணுக்களின் எலக்ட்ரான்களைப் பிய்த்து எறிகின்றன. எலக்ட்ரான் திரும்பி வந்து சேரும்போதும், மோதல்களின்போதும் கோடு பிறக்கிறது.) வாயு நாலா பக்கமும் ஓடுவதால் கோடு ஒல்லியாக இல்லாமல் அகன்று, ஒரு மேடு மாதிரித் தெரியும். அந்த அகன்ற மேடுகள்தான் குவேசாரின் அடையாள அட்டை.

இப்போது சிக்கல். 1999-ல் ஸ்லோன் வானியல் கணக்கெடுப்பின் தரவில் ஷியாவோஹுய் ஃபானும் கூட்டாளிகளும் ஒரு பொருளை அறிவித்தார்கள். சிவப்புப்பெயர்ச்சி சுமார் 4.6. அதாவது 1200 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய வெளிச்சம். குவேசார் பிரகாசம் இருக்கிறது, நிறம் இருக்கிறது. மேடுகளைத்தான் காணோம்!

கோடு இல்லாமல் தூரம் எப்படித் தெரிந்தது என்பதுதானே நேயரின் சந்தேகம்? வழியில் இருக்கும் சாட்சிகளை வைத்துத்தான். அந்த வெளிச்சம் நம்மிடம் வரும் வழி நெடுக ஹைட்ரஜன் மேகங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு துண்டைக் கடித்து எடுக்கிறது. அதனால் நிறமாலையின் நீலப் பக்கம் எலி கடித்த துணி மாதிரி கிழிந்திருக்கும். கிழிசல் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறதோ, அங்கே இருந்து குவேசாரின் தூரம் கிடைத்துவிடும். ஆள் வாய் திறக்காவிட்டாலும் பஸ் டிக்கெட்டைப் பார்த்து ஊரைச் சொல்லிவிடுவது போல.

அதற்குப் பிறகு இந்த மாதிரி நிறையக் கிடைத்தன. 2009-ல் டயமண்ட்-ஸ்டானிக் குழு சிவப்புப்பெயர்ச்சி 3-க்கு மேலே மட்டும் 74-ஐப் பட்டியலிட்டது. கோட்டின் பலத்தை அளக்க 'சம அகலம்' என்று ஓர் அளவு உண்டு. பின்னணி வெளிச்சத்தில் எவ்வளவு அகலத் துண்டை வெட்டி எடுத்தால் கோட்டின் மொத்த வெளிச்சத்துக்கு ஈடாகும் என்பதுதான் அது. அந்தத் தூரத்துக் குவேசார்களில் லைமன்-ஆல்ஃபா கோட்டுக்கு அது சராசரியாக 60 ஆங்ஸ்ட்ரமை ஒட்டி இருக்கும். இந்த 74-க்கும் 15.4-க்குக் கீழே. எண்ணிக்கையில் பார்த்தால் நூற்றுக்கு ஒன்று இரண்டுதான் இப்படி. ஆனால் சாதாரணக் கூட்டத்தின் கடைசி ஓரம் என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு அதிகம்.

கோடு எழுதிப் பிழைக்கிற ஆளாக — நான் சொல்வது நிரல் கோடு — எனக்கு இங்கே முதலில் கண்ணில் படுவது, சம அகலம் என்பது ஒரு வகுத்தல் என்பதுதான். மேலே கோடு, கீழே பின்னணி வெளிச்சம். விடை சின்னதாக வருகிறதென்றால் மேலே இருப்பது குறைந்திருக்கலாம், அல்லது கீழே இருப்பது பெருத்திருக்கலாம். எதுவென்று பார்க்காமல் பிழை திருத்தப் போகக்கூடாது.

கீழே இருப்பதை எடுத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் அடுப்பை வாசலில் வைத்து உப்பைப் போட்டால் மஞ்சள் அவ்வளவாகத் தெரியாது. உப்பும் குறையவில்லை, தீயும் குறையவில்லை. வெயில் மூடிவிட்டது. விண்வெளியில் இந்த வெயில் வேலையைச் செய்யும் கூட்டம் ஒன்று ஏற்கெனவே உண்டு. பி.எல். லாசெர்ட்டே வகை என்று பெயர். 1929-ல் ஹோஃப்மைஸ்டர் அதன் முதல் உறுப்பினரைப் பார்த்தபோது ஏதோ மாறும் விண்மீன் என்றே பெயர் வைத்தார். 1968-ல்தான் வலுவான ரேடியோ மூலம் என்று தெரிந்தது. அங்கே கருந்துளைக்குப் பக்கத்திலிருந்து ஒளிவேகத்தை நெருங்கும் தாரை ஒன்று கிளம்பி நேராக நம் முகத்தைப் பார்த்து வருகிறது. அந்த டார்ச் வெளிச்சத்தில் கோடுகள் அமுங்கிப் போகின்றன.

அப்படியானால் கோடு மங்கிய குவேசார்களும் இதே கூட்டம்தானா? ஒரு முரண் உதைக்கிறது. தாரை இருந்தால் ரேடியோவில் கத்த வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை ரேடியோவில் மௌனம். தாரை வெளிச்சத்துக்கு முனைவாக்கம் அதிகம். இவற்றில் அதுவும் குறைவு. ஆனாலும் ஒரு சாத்தியம் மிச்சம். ரேடியோ மௌனமான, ஆனால் தாரை உள்ள ஒரு புதுச் சாதி ஒளிந்திருந்தால்? அப்படி ஒன்று மட்டும் உறுதியாகக் கிடைத்தால், தாரை எப்படிப் பிறக்கிறது என்று இன்றைக்கு நாம் எழுதி வைத்திருப்பதில் நிறையவற்றை அடித்துத் திருத்த வேண்டியிருக்கும். அதனால் 'அநேகமாக இருக்காது' என்று விட்டுவிட முடியாது. போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

போய்ப் பார்த்தவர்கள் நம்மவர்கள். கோபால்-கிருஷ்ணா, ஹம் சந்த், பர்வீன் குமார் உள்ளிட்டவர்களின் குழு. (கோபால்-கிருஷ்ணா ஊட்டி ரேடியோ தொலைநோக்கியில் வேலை செய்த தலைமுறையைச் சேர்ந்தவர். 530 மீட்டர் நீளத்தில் மலைச் சரிவிலேயே படுத்திருக்கும் அந்தத் தொலைநோக்கியைப் பற்றி ஒரு தனிப் பகுதி போடணும், ரொம்ப நாளா கடன்.) நைனிடாலில் உள்ள ஏரிஸ் நிறுவனத்துக்குத் தேவஸ்தல் மலையில் 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. உலக அளவில் இது சின்னது. ஆனால் பெரிய தொலைநோக்கியில் ஒரே பொருளை நாலு மணி நேரம் வெறித்துப் பார்க்க யாரும் நேரம் ஒதுக்க மாட்டார்கள். சின்னத் தொலைநோக்கியின் பலமே அதுதான்.

சோதனையின் தர்க்கம் எளிது. தாரை வெளிச்சம் நிலையாக நிற்காது. பி.எல். லாசெர்ட்டே பொருளை ஓர் இரவில் நாலு மணி நேரம் பார்த்தால், பத்து இரவில் ஏறத்தாழ நாலு இரவிலாவது அது கண்ணெதிரே கூடிக் குறையும். வட்டு வெளிச்சம் அப்படி ஆடாது. ஆகவே கோடு மங்கிய குவேசார் ஒன்றைப் பிடித்து, அதே படத்தில் பக்கத்தில் தெரியும் இரண்டு நிலையான விண்மீன்களோடு ஒப்பிட்டபடி மணிக்கணக்கில் படம் எடுத்துக்கொண்டே போக வேண்டும். மேகமோ மூடுபனியோ வந்தால் மூன்றும் சேர்ந்து மங்கும். குவேசார் மட்டும் ஆடினால் ஆட்டம் அதனுடையது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியாது. இந்த அளவீட்டுக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்தும் மென்பொருள் டாவோஃபாட். அது ஒவ்வொரு அளவுக்கும் 'பிழை இவ்வளவு' என்று ஒரு எண்ணைத் தரும். இதே வட்டத்து ஆய்வாளர்கள், ஆடவே ஆடாத விண்மீன் ஜோடிகளை 200-க்கும் மேற்பட்ட அமர்வுகளில் ஒப்பிட்டு, அந்தப் பிழை எண் உண்மையைவிடக் குறைவு, ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெருக்கினால்தான் சரிவரும் என்று 2013-ல் காட்டினார்கள். யோசித்துப் பாருங்கள். அதைப் பெருக்காமல் விட்டிருந்தால் வெறும் இரைச்சலெல்லாம் 'ஆட்டம்' என்று கணக்கில் ஏறியிருக்கும். புதுச் சாதி கண்டுபிடித்துவிட்டோம் என்று தலைப்புச் செய்திகூட வந்திருக்கும். கருவி சொல்லும் பிழையையே சோதித்துப் பார்த்த அந்தப் பொறுமைதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

2016-ல் வந்த கட்டுரை வரை சேர்த்தால் 25 குவேசார்கள், 48 அமர்வுகள். ஆட்டம் தெரிந்தது இரண்டே அமர்வுகளில். நேரக் கணக்கில் சுமார் 3 சதவீதம். பி.எல். லாசெர்ட்டே கூட்டத்தின் நடத்தை இது இல்லை. ஆக மொத்தத்தில், வெயில் மூடவில்லை. வகுத்தலில் கீழே இருப்பது குற்றவாளி இல்லை.

ஆனால் அந்த இரண்டு அமர்வுகளில் தெரிந்த ஆட்டம் சின்னது இல்லை, 10 சதவீதத்துக்கும் மேல். சாதாரணக் குவேசார் அப்படிச் செய்யாது. ஆகவே கூட்டம் முழுக்கத் தாரை இல்லை என்றாலும், உள்ளே ஒன்றிரண்டு வேஷக்காரர்கள் இருக்கலாம். இவை மங்கலான பொருள்கள் என்பதால், இன்னும் கூர்மையாகப் பார்த்தால் எண்ணிக்கை ஏறவும் வாய்ப்புண்டு என்று அவர்களே எழுதினார்கள். அதே தேவஸ்தலில் இப்போது 3.6 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பார்க்கலாம்.

சரி, இப்போது வகுத்தலின் மேல் பக்கம். கோடே உண்மையில் குறைவு என்றால் அடுப்பில் மூன்று விதமாக நடக்கலாம். உப்பு இல்லை, தீயில் சூடு போதவில்லை, உப்புக்கும் தீக்கும் நடுவில் ஏதோ மறைக்கிறது.

உப்பு இல்லை என்பவர்கள், இவை இப்போதுதான் பற்றிக்கொண்ட இளம் குவேசார்கள், வட்டிலிருந்து காற்று கிளம்பி வாயுத் திரள்கள் உருவாக இன்னும் நேரம் ஆகவில்லை என்கிறார்கள். 2010-ல் போலந்தின் ஹிரினியேவிச் குழு ஒரு குவேசாருக்கு இந்த விளக்கத்தைத் தந்தது. சூடு போதவில்லை என்பது லாவோர், டேவிஸ் இருவரும் 2011-ல் வைத்த வாதம். கேட்கத் தலைகீழாக இருக்கும்: கருந்துளை பெருக்கப் பெருக்க, அதைச் சுற்றியுள்ள வட்டு குளிர்ந்துகொண்டே போகும். சில நூறு கோடி சூரிய நிறையைத் தாண்டினால் வட்டு கண்ணுக்குப் பிரகாசமாகவே இருக்கும், ஆனால் அணுவைப் பிய்க்கும் கடினமான கதிர் அதில் இருக்காது. சிலவற்றுக்கு இது பொருந்தலாம். கூட்டம் முழுவதையும் இதில் அடைக்க முடியாது.

மூன்றாவதுதான் இன்று வலுவாக நிற்கிறது. அதற்குத் துப்பு, எந்தக் கோடு எவ்வளவு மங்குகிறது என்பதில் இருக்கிறது. மக்னீசியக் கோட்டுக்குத் தேவையான அயனியை உருவாக்க 7.6 எலக்ட்ரான்வோல்ட் போதும். ஹைட்ரஜனுக்கு 13.6. கார்பன்-நான்கு என்று சொல்லும் கோட்டுக்குக் கிட்டத்தட்ட 48 வேண்டும். கோடு மங்கிய குவேசார்களில் மோசமாக அடிபடுவது கார்பன்-நான்கு மாதிரியானவைதான். மக்னீசியமும் ஹைட்ரஜனின் பீட்டா கோடும் அந்த அளவுக்கு அடிபடுவதில்லை. உப்பே இல்லையென்றால் எல்லாம் சேர்ந்து மங்க வேண்டும். கடினமான கதிர் மட்டும்தான் வாயுவுக்குப் போய்ச் சேரவில்லை.

யார் மறைப்பது? வட்டே தன்னை மறைக்கிறது. கருந்துளைக்குள் வாயு அளவுக்கு மீறிக் கொட்டும்போது, வெளிச்சத்தின் அழுத்தமே வட்டின் உள்பகுதியைத் தள்ளி ஊத வைக்கும். தோசை மாதிரி இருக்க வேண்டிய வட்டு நடுவில் பூரி மாதிரி உப்பும். எக்ஸ் கதிர் பிறப்பது கருந்துளைக்கு மிக அருகில், அந்த உப்பலின் உள்பக்கம். வெளியே தாழ்வாகச் சுற்றும் வாயுத் திரள்களுக்கு அந்த உப்பல் ஒரு மதில். மேலே இருந்து பார்க்கும் நமக்கு மதில் இல்லை. நம் மலைக்கோட்டை உச்சியில் நிற்பவனுக்குச் சூரியன் வந்து அரை மணி ஆகியிருக்கும். பாறையின் நிழலில் இருக்கும் தெருவுக்கு இன்னும் விடிந்திருக்காது. ஒரே சூரியன்தான், நிற்கிற இடம்தான் வேறு. 'இவ்வளவு பிரகாசமா எரியுதே, வாயு ஏன் மினுங்கல' என்று நாம் கேட்டதில் ஒரு ஊகம் ஒளிந்திருந்தது: நாம் பார்க்கும் வெளிச்சத்தைத்தான் வாயுவும் பார்க்கிறது என்று. அது உண்மையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதைச் சோதிக்கவும் வழி உண்டு. நாம் கொஞ்சம் சாய்வாகப் பார்க்க நேர்ந்தால் மதில் நமக்கும் மறைக்கும்; அந்தக் குவேசார்கள் எக்ஸ் கதிரில் மங்கித் தெரிய வேண்டும். சந்திரா விண்வெளித் தொலைநோக்கியால் பார்த்தபோது, கோடு மங்கியவற்றில் ஏறத்தாழ பாதி அப்படித்தான் இருந்தன. சாதாரணக் குவேசார்களில் இந்த அளவுக்குக் கிடையாது.

அதைவிடப் பெரிய சாட்சி ஜே1539+3954 என்ற ஒரே ஒரு பொருள். 2013-ல் சந்திரா பார்த்தபோது எக்ஸ் கதிரில் படு மங்கல். 2019-ல் பார்த்தால் 20 மடங்குக்கும் மேலே ஏறியிருந்தது! அடுப்பே பெரிதாகிவிட்டதென்றால் கண்ணுறு ஒளியும் புற ஊதாவும் ஏறியிருக்கணும், கோடும் எழுந்திருக்கணும். இரண்டும் நடக்கவில்லை. கோடு பழையபடி மங்கலாகவே கிடந்தது. நி உள்ளிட்டவர்கள் 2020-ல் தந்த விளக்கம்: மதிலின் விளிம்பு லேசாகத் தாழ்ந்தது, நம் பார்வைக்கு வழி திறந்தது, தாழ்வாக இருக்கும் வாயுவுக்கோ மதில் இன்னும் மதில்தான். இவ்வளவு பொருத்தமாக விழுந்த பிறகும், ஊதிய வட்டின் உள்பகுதி நிஜத்தில் என்ன உருவத்தில் நிற்கும் என்று கணினிப் போலச்செய்தல்கள் இன்னும் ஒரே குரலில் சொல்லவில்லை. இளம் குவேசார் கட்சிக்காரர்களும் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடவில்லை.

கடைசியாக, அதே நேயர் கேட்டிருந்த இன்னொன்று: "இதையெல்லாம் நம்ம கண்ணால பாக்க முடியுமா?" 3சி 273-ஐ முடியும். ஒளியளவு சுமார் 12.9. எட்டு அங்குலத் தொலைநோக்கியும் நிலா இல்லாத இரவும் போதும். சிறுமலை மாதிரி ஊர் வெளிச்சம் எட்டாத இடமாக இருக்கணும். கன்னி ராசிப் பக்கம், ஏப்ரல், மே மாதங்கள் வசதி. ஆனால் அது கோடுகள் ஒழுங்காக உள்ள குவேசார். கோடு மங்கிய கூட்டத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்றால் பிஎச்எல் 1811. கோடுகளும் மங்கல், எக்ஸ் கதிரும் மங்கல். சிவப்புப்பெயர்ச்சி 0.1-க்கு அப்பால் உள்ள குவேசார்களில் 3சி 273-க்கு அடுத்தபடி பிரகாசமானது என்று அறியப்பட்டது அதுதான். ஒளியளவு 14-ஐ ஒட்டி. பன்னிரண்டு அங்குலம் இருந்தால் முயற்சி பண்ணலாம், செப்டம்பர், அக்டோபர் இரவுகளில். புள்ளியாகத்தான் தெரியும். நிறமாலைக் கருவி இல்லாமல் கோடு இருக்கா இல்லையா என்று தெரியாது. அதற்கு ஏரிஸ்காரர்களிடம்தான் போகணும்.